ஆழ்கடல் கண்ட அறிஞர்

கடலின் மேற்பரப்பைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே நன்கறிந்திருந்தனர். காற்றின் போக்கறிந்து கலம் செலுத்தினர். விண்மீன்களை நோக்கித் திசை தெளிந்தனர். கொற்கைத் துறையில் மூச்சடக்கி மூழ்கி முத்தெடுத்தனர். ஆயினும், முத்துக் குளிப்போர் கடலடியில் தங்கக்கூடிய காலம் ஏறத்தாழ ஒரு நிமிடமே. கல்லின்மேற் காலூன்றிக் கயிற்றைப் பற்றிக்கொண்டு விரைந்து இறங்குவர். கைக்கெட்டிய சிப்பிகளைப் பையில் வாரி நிரப்புவர். மூச்சுத் தீருமுன் மேலே வந்துவிடுவர். கடலடியின் காட்சிகளை நின்று நிதானமாகக் காண அவர்க்குப் பொழுதேது?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நிலை மாறிற்று. பிரெஞ்சுக் கடற்படை அலுவலரான ஜாக் கூஸ்தோ என்பாரும் எமில் காக்னான் என்னும் பொறியாளரும் 1943ஆம் ஆண்டில் ஒரு கருவியைச் செய்து முடித்தனர். மிக்க அழுத்தத்தில் காற்று அடைத்த உருளை ஒன்றை மனிதன் முதுகிற் சுமந்து செல்வான். அவன் மூச்சை உள்ளிழுக்குந்தோறும், அவனிருக்கும் ஆழத்தின் நீரழுத்தத்திற்கு ஏற்ற அளவில், ஓர் அடைப்பிதழின் வழியே காற்று அவன் வாய்க்கு வரும். படகோடு பிணைக்கும் கயிறும் வேண்டா. மேலிருந்து காற்றனுப்பும் குழாயும் வேண்டா. மீனைப்போல மனிதனும் கடலுள் நினைத்த திசையில் நீந்தித் திரியலாயிற்று. இவ்வகைக் கருவியே இன்று ஸ்கூபா என வழங்குவது.

இக்கருவியைத் தோளிலே தாங்கி, இலங்கைத் தீவைச் சூழ்ந்த வெப்பக் கடலில் இறங்கி, ஆங்குக் கண்டவற்றை உலகிற்கு எடுத்துரைத்தவர்களுள் ஒருவர் ஆர்தர் கிளார்க். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர், வானத்தை ஆராய்ந்தவர், விண்வெளியைப் பற்றிக் கதைகளும் கட்டுரைகளும் எழுதிப் புகழ் பெற்றவர். வானை அண்ணாந்து நோக்கிய அவர் கடலின் அடியை நாடியது ஏன்? அதனை அறிய அவர்தம் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து காண்போம்.

இளமை

ஆர்தர் கிளார்க் 1917ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 16ஆம் நாள், இங்கிலாந்து நாட்டின் தென்மேற்கே உள்ள மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரிலே பிறந்தார். தந்தையார் சார்லசு ரைட் கிளார்க், தாயார் நோரா. பெற்றோர்க்குப் பிறந்த மக்கள் நால்வருள் ஆர்தரே மூத்தவர். தந்தையார் முதல் உலகப்போரிற் பங்கு கொண்டு, நச்சுக்காற்றினால் உடல்நலங் கெட்டுத் திரும்பியவர். போருக்குப்பின் அவர் வேளாண்மையில் இறங்கினார். அத்தொழிலும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1931ஆம் ஆண்டில் அவர் காலமானபோது ஆர்தருக்கு வயது பதின்மூன்று. அன்னையார் மனந்தளராது பண்ணையைத் தாமே நடத்தி மக்களைக் காத்தார்.

வறுமை மிகுந்த அவ்வீட்டிலே அறிவுப் பசிக்கு மட்டும் குறைவில்லை. சிறுவர் ஆர்தர் கற்களிற் பதிந்து கிடந்த தொல்லுயிர்களின் உருவங்களைத் தேடித் தொகுத்தார். தாமே ஒரு தொலைநோக்கியைச் செய்து, அதன் வழியாக இரவுதோறும் திங்களைக் கண்டு, அதன் மலைகளையும் பள்ளங்களையும் படமாக வரைந்தார். டான்டன் நகரத்துப் பள்ளியிற் பயின்ற காலத்தில், அமெரிக்காவினின்றும் வந்த அறிவியற் கதை இதழ்கள் அவர் கைக்குக் கிட்டின. அவற்றை அவர் ஆர்வத்தோடு படித்தார். மனிதன் ஒருநாள் திங்களுக்குச் செல்வான் என்னும் எண்ணம் அப்பொழுதே அவர் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது.

பள்ளிப் படிப்பு முடிந்ததும் பல்கலைக்கழகத்திற் சேர அவருக்குப் பொருள் இல்லை. எனவே, 1936ஆம் ஆண்டில் இலண்டன் சென்று, அரசாங்கத்தில் கணக்குத் தணிக்கை செய்யும் அலுவலில் அமர்ந்தார். பகலில் கணக்கேடுகளைப் புரட்டினார். மாலையில் பிரித்தானிய விண்வெளிப் பயணக் கழகத்தாரோடு கூடி, ஏவுகலத்தைப் பற்றி ஆராய்ந்தார். அக்காலத்தில் அக்கழகத்தாரைக் கண்டு நகைத்தவர் பலர். அந்நகைப்பை அவர்கள் பொருட்படுத்தவில்லை.

வானில் நிற்கும் தூதர்

இரண்டாம் உலகப்போர் மூண்டபின், 1941ஆம் ஆண்டில், கிளார்க் பிரித்தானிய வான்படையிற் சேர்ந்தார். மூடுபனியிலும் இருளிலும் வழியறியாது தவிக்கும் வானூர்திகளை ராடார் என்னும் கருவியின் துணையால் தரையிலிருந்தே வழிநடத்தி, நலமாக இறங்கச் செய்வது அவர் பணியாற்றிய பிரிவின் கடமை. வானொலி அலைகளின் இயல்பை அவர் தெளிவாக உணர்வதற்கு அப்பணி பெரிதும் உதவிற்று.

அவ்வறிவின் பயனாக 1945ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், வானொலித் துறை இதழ் ஒன்றில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். நிலநடுக்கோட்டிற்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு துணைக்கோள் கிழக்கு நோக்கிச் சுற்றுவதாகக் கொள்வோம். அது உலகை ஒருமுறை சுற்றிவரும் காலமும், உலகம் தன்னைத்தானே ஒருமுறை சுற்றும் காலமும் ஒன்றாகவே இருக்கும். ஆதலின், தரையிலிருந்து நோக்குவார்க்கு அத்துணைக்கோள் வானில் ஒரே இடத்தில் அசையாது நிற்பதுபோலத் தோன்றும். அத்தகைய துணைக்கோள்கள் மூன்றினைச் சமமான இடைவெளியில் நிறுத்தினால், உலகின் பெரும்பகுதிக்குச் செய்தி அனுப்பலாம். இதுவே அக்கட்டுரையின் சாரம்.

இத்தகைய பாதை ஒன்று உண்டு என்பதை அவருக்கு முன்னரும் சிலர் அறிந்திருந்தனர். அதனை உலகச் செய்தித் தொடர்புக்குப் பயன்படுத்தும் முறையை விரிவாக வகுத்துக் காட்டியவர் கிளார்க்கே ஆவர். அப்பொழுது வானில் ஒரு துணைக்கோளும் இல்லை. முதற் செயற்கைத் துணைக்கோள் ஏவப்பட்டது 1957ஆம் ஆண்டில். நிலைத்து நிற்பதாகத் தோன்றும் துணைக்கோள் முதன்முதல் அமைந்தது 1964ஆம் ஆண்டில். இன்று ஆவடியில் ஒரு வீட்டின் மாடியில் வானை நோக்கி நிற்கும் தொலைக்காட்சித் தட்டு, அங்குமிங்கும் திரும்பாது ஒரே திசையை நோக்கி நிற்பதற்குக் காரணம் யாது? அது நோக்கும் துணைக்கோள் வானில் ஒரே இடத்தில் நிற்பதே காரணம். அப்பாதையைக் கிளார்க் பாதை என்று அறிஞர் அவர் பெயராலும் வழங்குவர்.

போர் முடிந்தபின் அவர் இலண்டன் கிங்ஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1948ஆம் ஆண்டில் கணிதத்திலும் இயற்பியலிலும் முதல் வகுப்பில் தேறினார். இளமையிற் கிட்டாத கல்வியை முப்பது வயதிலே முயன்று பெற்ற அவர்தம் ஊக்கம் போற்றத்தக்கது. அதன்பின் எழுத்தையே தொழிலாகக் கொண்டார்.

விண்ணும் நீரும்

விண்வெளியில் செல்வோர் எடையற்ற நிலையில் மிதப்பர் என்பதைக் கிளார்க் அறிந்திருந்தார். அந்நிலை எப்படியிருக்கும் என்று தாமே துய்த்துணர வேண்டும் என்னும் வேட்கை அவருக்கு உண்டாயிற்று. அக்காலத்தில் விண்ணிற் செல்ல வழியில்லை. ஆனால், மண்ணுலகிலேயே அதனை ஒருவாறு ஒத்த நிலை ஒன்று உண்டு. நீரில் மூழ்கிய பொருளை நீர் மேல்நோக்கித் தாங்குகிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட உண்மை. அத்தாங்கு விசையும் உடலின் எடையும் ஒத்திருக்குமாறு செய்துகொண்டால், மனிதன் நீரிடையே மேலெழாமலும் கீழிறங்காமலும் மிதக்கலாம். பிற்காலத்தில் விண்வெளி வீரர்களைப் பெரிய நீர்த்தொட்டிகளிலே பயிற்றுவித்தது இக்காரணம் பற்றியே. வானை நாடிய கிளார்க் கடலில் இறங்கியதும் இக்காரணம் பற்றியே என்க.

1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் முக்குளிக்கப் பழகினார். இது விளையாட்டுப் போலத் தோன்றினும் அறிவும் அடக்கமும் வேண்டும் கலையாகும். கடலில் ஒவ்வொரு பத்து மீட்டர் ஆழத்திற்கும், நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்திற்கு ஒப்பான அழுத்தம் ஒன்று மிகுகின்றது. ஆழத்தில் மூச்சிழுத்தவன் அம்மூச்சை அடக்கியவாறு விரைந்து மேலே வருவானாயின், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். முத்துக் குளிப்போர்க்கு மூச்சை அடக்குதல் கலை. ஸ்கூபா அணிந்தோர்க்கு மூச்சை அடக்காதிருத்தலே முதற் பாடம். அன்றியும், நெடுநேரம் ஆழத்தில் இருப்பவனுடைய குருதியில் நைட்ரசன் என்னும் வளி கரைந்து சேரும். அவன் படிப்படியாக மேலேறாவிடின், அது குமிழிகளாக வெளிப்பட்டுப் பெருநோவு தரும், உயிரையும் போக்கும். ஆகவே, கடலுள் செல்வோன் தன் விருப்பத்திற்கு ஏற்பன்றிக் கடலின் ஒழுங்கிற்கு ஏற்பவே நடந்துகொள்ளுதல் வேண்டும்.

இலங்கை வாழ்வு

மைக் வில்சன் என்னும் இளைஞர் முக்குளித்தலிலும் ஒளிப்படம் எடுத்தலிலும் வல்லவர். கிளார்க்கும் அவரும் நண்பராயினர். ஆஸ்திரேலியாவின் கீழ்கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் பெரும்பவளத் திட்டைக் காண விரும்பி, 1954ஆம் ஆண்டு இறுதியில் கிளார்க் கப்பலேறினார். வழியில் அக்கப்பல் கொழும்புத் துறையில் சிறிது பொழுது தங்கிற்று. அங்கு ரொட்னி ஜோங்கிளாஸ் என்னும் இலங்கை முக்குளிப்பாளரின் தொடர்பு அவருக்குக் கிடைத்தது. அச்சிறு சந்திப்பே அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. ஆஸ்திரேலியாவில் ஹெரன் தீவு முதலிய இடங்களில் முக்குளித்து, அவ்வனுபவத்தை நூலாக எழுதி முடித்தபின், 1956ஆம் ஆண்டில் அவர் இலங்கைக்கு வந்தார். சிலகாலம் தங்க வந்தவர், அந்நாட்டையே தம் வாழிடமாகக் கொண்டுவிட்டார்.

அவரை ஈர்த்தது அத்தீவின் கடல். ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் அந்நீரில் பவளப்பூச்சிகள் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணத்தால் மனை கட்டி வாழ்கின்றன. அவை கட்டிய பாறைகளில் மான்கொம்புபோலக் கிளைத்தவை உண்டு. விசிறிபோல விரிந்தவை உண்டு. உருண்டு திரண்டவையும் உண்டு. அவற்றின் இடுக்குகளிலே கிளிமீன்களும் வண்ணாத்தி மீன்களும் கூட்டங்கூட்டமாகத் திரியும். களவா மீன் தன் குகை வாயிலில் காவலன்போல நிற்கும். திருக்கை மணலிற் புதைந்து கிடக்கும். ஆழம் மிகுந்தோறும் செந்நிறம் முதலில் மறையும். பின்னர் மற்ற நிறங்களும் ஒவ்வொன்றாய் மங்கி, முடிவில் எங்கும் நீலமே எஞ்சும்.

கோணமலையின் அடியில்

1956ஆம் ஆண்டில் கிளார்க்கும் வில்சனும் திருகோணமலைக்குச் சென்றனர். கடலுள் நீண்டு செங்குத்தாக உயர்ந்து நிற்கும் அம்மலை தமிழர்க்குப் புதியதன்று. ஏழாம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் பாடிப் போற்றிய கோணேசர் கோயில் கொண்ட இடம் அது. குளக்கோட்டன் என்னும் மன்னன் அத்திருப்பணியைச் செய்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. கடலோடிகள் நெடுந்தொலைவிலிருந்தே கண்டு கைகூப்பிய அப்பெருங்கோயிலை, பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்ச்சுகீசியர் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே அவ்விடத்திற் கோட்டை கட்டினர். இடித்த பகுதிகளுட் சில மலையினின்றும் கீழே கடலில் வீழ்ந்தன. அவற்றை அலைகள் மூடிக்கொண்டன. முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக, கோயில் இழந்த மலையுச்சியிலே பூசையும் வழிபாடும் மட்டுமே நடந்து வந்தன. 1950ஆம் ஆண்டில் அந்நகரத்து மண்ணைத் தோண்டியபோது, புதைத்து மறைத்து வைக்கப்பட்டிருந்த செப்புத் திருமேனிகள் சில கிடைத்தன. மண் காத்தவை அவை. கடல் காத்தவற்றைக் காண யாரும் இறங்கவில்லை.

அம்மலையின் அடிவாரத்தில் காற்றுருளை தாங்கிக் கிளார்க்கும் அவர் நண்பரும் இறங்கினர். பாறைகளுக்கிடையே, இயற்கையாய் அமைந்தனவல்ல என்று கண்டவுடனே தெளியத்தக்க கற்கள் அவர்க்குத் தென்பட்டன. சதுரமாகச் செதுக்கிய தூண்கள் கிடந்தன. பூவேலை பொறித்த கற்கள் கிடந்தன. படிகளாக இருந்தவை சிதறிக் கிடந்தன. அவற்றின்மேல் பாசி படர்ந்திருந்தது. ஒரு காலத்தில் அடியார் திரண்டு நின்ற மண்டபத்தின் தூண்களிடையே மீன்கள் உலவின. மனிதர் இடித்துத் தள்ளியவற்றைக் கடல் அழிக்காமல் வைத்திருந்தது. அக்கற்களைக் கண்ட செய்தியையும் அங்கெடுத்த ஒளிப்படங்களையும் 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் கிளார்க் உலகிற்கு அறிவித்தார். ஈழத்துத் தமிழர் உள்ளத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு கோயிலின் வரலாறு, அயல்நாட்டார் கண்ணாலும் காணக்கூடிய சான்று பெற்றது.

மலையுச்சியில் புதிய கோயில் எழுந்து, 1963ஆம் ஆண்டில் குடமுழுக்குப் பெற்றது. கடலடியைக் கண்ட மைக் வில்சன் பிற்காலத்தில் துறவு பூண்டு, சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் வாழ்ந்தார். கிளார்க்கோ எச்சமயத்தையும் சாராதவர். எனினும், பிறர் போற்றும் பொருளைத் தாமும் மதித்து, அதன் வரலாற்றை உள்ளவாறு எழுதி வைத்தார். தம் கொள்கை வேறாயினும் பிறர் பெருமையை மறைக்காமை சான்றோர்க்கு அழகன்றோ?

வெள்ளிப் பாறை

இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், கடலிடையே ஒரு பாறைத் தொடர் உண்டு. அதனை மக்கள் பெரிய இராவணன் கோட்டை என்பர். கலங்களை உடைக்கும் கொடிய இடமாதலின், 1873ஆம் ஆண்டில் அங்கே ஒரு கலங்கரை விளக்கம் கட்டினர். பருவக்காற்று மாறும் சில வாரங்களில் மட்டுமே அங்குக் கடல் அமைதியாயிருக்கும். 1961ஆம் ஆண்டில் அவ்விடத்தில் படம் எடுக்கச் சென்ற மைக் வில்சனும் இரு சிறுவரும் உடைந்த மரக்கலம் ஒன்றின் எச்சங்களைக் கண்டனர். வெண்கலப் பீரங்கியும், கட்டிகளாக இறுகிப்போன வெள்ளி நாணயங்களும் ஆங்குக் கிடந்தன. ஆயிரம் ஆயிரமாகப் பையிலிட்டுக் கட்டப்பட்ட நாணயங்கள் அவை. பைகள் மட்கிப் போகவும், நாணயங்கள் பையின் வடிவத்திலேயே ஒட்டிக்கொண்டு பாறைபோல் ஆகிவிட்டன. அவை ஔரங்கசீப் காலத்தவை. 1702ஆம் ஆண்டிற்கு ஒத்த ஹிஜிரி 1113 என்னும் ஆண்டு பொறித்தவை.

புதையல் கிடைத்தவர் பலர் அதனால் மதி மயங்கியதுண்டு. கிளார்க் அதனை வரலாற்றுச் சான்றாகவே கருதினார். பின்னர் 1963ஆம் ஆண்டில், கடலடித் தொல்பொருள் ஆய்வில் வல்ல பீட்டர் திராக்மார்ட்டன் என்பாரை வரவழைத்து, அவ்விடத்தை முறைப்படி ஆராய ஏற்பாடு செய்தனர். அச்செய்திகளை 1964ஆம் ஆண்டில் கிளார்க் ஒரு நூலாக வெளியிட்டார். எடுத்த பொருளின் விலையினும், அது கிடந்த இடமும் கிடந்த முறையும் சொல்லும் செய்தியே பெரிது என்பது தொல்பொருள் ஆய்வின் அடிப்படை. தோண்டியவன் குறித்து வைக்காவிடின், அச்செய்தி என்றென்றைக்கும் இழந்ததாகிவிடும்.

நோயும் கடலும்

இவ்விரு முயற்சிகளுக்கும் இடையே, 1962ஆம் ஆண்டில், கிளார்க்குக்குப் பெருந்துன்பம் ஒன்று நேர்ந்தது. உடல் செயலற்றுப் போயிற்று. கைகால்களை அசைத்தலும் அரிதாயிற்று. அஃது இளம்பிள்ளைவாதத்தின் விளைவு எனப் பின்னர் அறியப்பட்டது. நாற்பத்து நான்கு வயதில், கடலே தம் வாழ்வெனக் கொண்ட ஒருவர்க்கு இதனினும் பெரிய இடர் யாது?

அவர் சோர்ந்துவிடவில்லை. மெல்ல மெல்ல உடலுக்குப் பயிற்சி கொடுத்தார், பிறர் துணையோடு நடக்கப் பழகினார், எழுதுவதை நிறுத்தவில்லை. அடுத்த ஆண்டே இராவணன் கோட்டைக்குச் சென்ற குழுவோடு தாமும் சென்றார். ஆண்டுகள் பல சென்றபின், 1988ஆம் ஆண்டில், பழைய நோயின் பின்விளைவு மீண்டும் அவரைப் பற்றியதாக மருத்துவர் கண்டனர். வாழ்வின் இறுதிப் பகுதியை அவர் சக்கர நாற்காலியில் கழிக்க நேர்ந்தது. தரையில் நடத்தற்கு அரிய அவ்வுடலைக் கடல் சுமையின்றித் தாங்கிற்று. எடையற்ற நிலையை அறிய விரும்பி நீரில் இறங்கியவர்க்கு, அந்நீரே பிற்காலத்தில் ஊன்றுகோலும் ஆயிற்று.

நண்பர் ஹெக்டர் ஏகநாயகா முதலியோருடன் சேர்ந்து அவர் முக்குளித்தல் நிறுவனம் ஒன்றை நிறுவினார். தென்கரையில் உள்ள ஹிக்கடுவையில் அதன் பயிற்சி நிலையம் நடந்து வந்தது. கடலடியைக் காணும் பேறு தமக்கு மட்டும் உரியதாகாமல் பிறர்க்கும் கிட்ட வேண்டும் என்பது அவர் விருப்பம்.

எழுத்தும் தொண்டும்

கிளார்க் எழுதிய நூல்கள் பல. 1957ஆம் ஆண்டில் வெளிவந்த ஆழ்கடற் கதை ஒன்றில், மனிதன் கடலிலே திமிங்கிலங்களை மந்தைபோல மேய்க்கும் காலத்தை அவர் கற்பனை செய்தார். கதையின் இறுதியில் பௌத்தத் துறவி ஒருவர் வழியாக, அவ்வுயிர்களைக் கொல்லலாகாது என்னும் கருத்தை வலியுறுத்தினார். ஸ்டான்லி குப்ரிக் என்னும் இயக்குநரோடு இணைந்து அவர் உருவாக்கிய விண்வெளிப் படம் 1968ஆம் ஆண்டில் வெளிவந்து உலகப்புகழ் பெற்றது. 1979ஆம் ஆண்டில் வந்த மற்றொரு கதையில், நிலத்திலிருந்து விண்வெளி வரை ஏறிச்செல்லும் உயர்த்தி ஒன்றை இலங்கையை ஒத்த ஒரு தீவில் அமைத்துக் காட்டினார்.

அறிவியலை எளிய நடையில் மக்களிடையே பரப்பியமைக்காக, யுனெஸ்கோ நிறுவனம் 1961ஆம் ஆண்டுக்குரிய கலிங்கப் பரிசை அவருக்கு வழங்கிற்று. ஒரிசாவைச் சேர்ந்த பிஜூ பட்நாயக் அளித்த நன்கொடையால் நிறுவப்பட்ட பரிசு அது. 1975ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் ஓராண்டுக் காலம், துணைக்கோளின் வழியாக ஏறத்தாழ 2,400 இந்தியச் சிற்றூர்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பப்பட்டது. வேளாண்மை, உடல்நலம், கல்வி ஆகியவை பற்றிய நிகழ்ச்சிகளைச் சிற்றூர் மக்கள் கண்டு பயன்பெற்றனர். முப்பதாண்டுகளுக்கு முன் கிளார்க் தாளில் வரைந்த எண்ணம், ஏழை உழவனின் ஊர்ப் பொதுவிடத்தில் ஒளியாகத் தோன்றிற்று. அவ்வொளிபரப்பை அவரும் காணும்பொருட்டு, இந்திய விண்வெளி ஆராய்ச்சிப் பொறியாளர் கொழும்பு சென்று அவர் இல்லத்திலே அலைவாங்கி ஒன்றை அமைத்துத் தந்தனர்.

இலங்கை மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராக 1979 முதல் 2002 வரை அவர் விளங்கினார். புதிய தொழில்நுட்பங்களை வளர்க்கும் நிலையம் ஒன்று 1984ஆம் ஆண்டில் அவர் பெயரால் அங்கு நிறுவப்பட்டது. பிரித்தானிய அரசு அவருக்கு சர் பட்டம் அளித்தது. இலங்கை அரசு தன் மிகவுயர்ந்த குடிமை விருதான ஸ்ரீலங்காபிமான்ய என்பதனை 2005ஆம் ஆண்டில் வழங்கிச் சிறப்பித்தது.

இறுதி நாள்கள்

2004ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை, தமிழகக் கரையையும் இலங்கைக் கரையையும் ஒருங்கே தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுசென்றது. ஹிக்கடுவையில் இருந்த கிளார்க்கின் முக்குளித்தற் பயிற்சி நிலையமும் அழிந்தது. இலங்கையின் தென்மேற்குக் கரையை ஆராய்ந்த அறிஞர் ஓர் உண்மையைக் கண்டனர். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்த இடங்களில் அலை மிகுந்த வேகத்தோடு நிலத்துட் புகுந்திருந்தது. பாறைகள் அழியாதிருந்த இடங்களில் அதன் வேகம் தணிந்திருந்தது. கண்ணுக்கு விருந்தாகும் பவளப்பாறை, கரைக்கு அரணும் ஆகும் என்பதனை மக்கள் உயிர் கொடுத்து அறிய நேர்ந்தது.

இன்று அப்பாறைகளுக்கு மற்றோர் இடரும் சூழ்ந்துள்ளது. கடல்நீரின் வெப்பம் வழக்கத்தினும் மிகும்போது, பவளப்பூச்சிகள் தம்முள் வாழ்ந்து உணவூட்டும் நுண்ணிய பாசியை இழந்து வெளிறிப்போகின்றன. வெப்பம் நீடித்தால் அவை மடிகின்றன. 1998ஆம் ஆண்டில் இலங்கையின் பவளத் திட்டுகள் பலவும் இவ்வாறு வெளிறின. மன்னார் வளைகுடாவில் நம் கரையை அடுத்துள்ள 21 தீவுகளைச் சூழ்ந்த திட்டுகளும் இவ்விடருக்கு விலக்கானவையல்ல. கிளார்க் கண்டு களித்த கடலைப் பின்வருவாரும் காண வேண்டுமாயின், அதனைக் காக்கும் கடமை நமக்குரியதாகும்.

2007ஆம் ஆண்டு டிசம்பரில் கிளார்க்குக்குத் தொண்ணூறு வயது நிரம்பிற்று. அந்நாளில் அவர் தம் உள்ளத்து விருப்பங்கள் மூன்றினை வெளியிட்டார். வேற்றுலகில் உயிருண்டு என்பதற்குச் சான்று கிடைக்க வேண்டும். மாசு விளைக்காத ஆற்றல் உலகிற்கு வாய்க்க வேண்டும். தாம் ஐம்பதாண்டுகளுக்கு மேலாக வாழ்ந்த இலங்கையிலே நிலைத்த அமைதி நிலவ வேண்டும் என்பன அவை. விண்ணையும் கடலையும் அளந்த அறிஞர், முதுமையில் மண்ணில் வாழும் மனிதரின் ஒற்றுமையை வேண்டி நின்றார். அவ்வேண்டுகோள் நிறைவேறுமுன்னரே, 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 19ஆம் நாள், கொழும்பு நகரில் அவர் உயிர் நீத்தார். அந்நகரிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. இலங்கையிற் போர் ஓய்ந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

தந்தையை இளமையில் இழந்தும் அவர் கல்வியை இழக்கவில்லை. கால்கள் தளர்ந்தபோதும் கடலை விடவில்லை. அயல்நாட்டிற் பிறந்தும், வந்த நாட்டின் வரலாற்றைத் தம் வரலாறுபோல் மதித்தார். திருகோணமலைக் கடலடியில் அத்தூண்கள் பல இன்றும் கிடக்கின்றன. அவற்றைப் போலவே, மறைந்து கிடக்கும் உண்மைகள் உலகில் எத்தனையோ உள. அவற்றைத் தேடிச் செல்வோர்க்கு வேண்டுவன அச்சமின்மையும், ஒழுங்கும், கண்டதைக் கண்டவாறு உரைக்கும் நேர்மையுமேயாம்.